வாசிக்கத் தடுமாறும் நம் பிள்ளைகள்



கல்விக்கு உரியரல்லர் என நம்மை ஒதுக்கிய காலத்திலேயே, 1907-இல், அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அத்தகைய மரபில் வந்த நம் தெருக்களில் இன்று எட்டாம் வகுப்பை எட்டியும் ஒரு பத்தியைப் படிக்கத் திணறும் பிள்ளைகள் உள்ளனர். ஆசிரியர் படிக்கச் சொல்வாரோ என்றஞ்சிக் கடைசி வரிசையில் ஒளிகின்றனர். சிலர் பள்ளியையே விட்டுவிடுகின்றனர். அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். தொடக்கத்தில் விட்டுப்போனதை எவரும் மீண்டும் கற்பிக்கவில்லை, அவ்வளவே.

நாம் செய்யத்தக்கது யாது? பிள்ளையைத் தனியே படிக்கச் செய்து, தடை எங்கே எனக் காண்போம். 247 எழுத்துகளையும் மீண்டும் ஒப்புவிக்க வேண்டுவதில்லை. கெ, கே வேறுபாடோ, கு, சு, து என வடிவம் மாறும் உகர வரிசையோ தடையாயின், அதனை மட்டும் பயிற்றுவோம். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ போன்ற நெடுஞ்சொல்லைப் பள்ளி, கூடத்தில், இருந்து எனப் பிரித்துக் காட்டுவோம்.

பின்னர் ஒரு பத்தியை நாம் முதலிற் படிப்போம். அடுத்து இருவரும் சேர்ந்து படிப்போம். அதன்பின் பிள்ளை தனித்துப் படிக்கட்டும். அதே பத்தியைச் சில நாள் தொடர்ந்தால் நாவின் தயக்கம் குறையும். படித்ததன் பொருளையும் கேட்போம். பதின்மூன்று வயதினர்க்கு அரிச்சுவடியைக் கொடுத்து நாணச் செய்யலாகாது. விளையாட்டுச் செய்தியும் அம்பேத்கர் வரலாறும் கொடுப்போம். பிழைக்கு நகைத்தல் வேண்டா.

படித்த இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு தம்பியை அல்லது தங்கையை ஏற்று, நாள்தோறும் அரைமணி நேரம் அளிப்போம். அடுத்த ஆண்டுவிழாவில் வரவேற்புரையை அப்பிள்ளைகளே இம்மேடையில் படிக்கட்டும்.