வெயிலுக்கு வழிவிட்ட சுவர்கள்

பாரிசுக்கு வடக்கே சென் தெனியில் ஒரு பேராலயம் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர்கள் பலர் அடக்கமான இடம். 1122-இல் அதன் மடாதிபதியான சூஜேக்கு முதலில் இருந்த கவலை மிகச் சாதாரணமானது: இடநெருக்கடி. திருநாள் கூட்டத்தில் பெண்கள் ஆண்களின் தலைமேல் கால்வைத்துப் பீடத்துக்குப் போனதாக அவரே எழுதியிருக்கிறார்.

ஆலயத்தை விரிவாக்க முனைந்தவர், வெளிச்சத்தையே அதன் முதற்பொருளாக்கினார். கூர்முனை வளைவுகளும் விலாபோல் குறுக்கே ஓடும் வளைவுகளும் கூரையின் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்தின. பாரம் நீங்கிய சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி ஏறியது. 1144 ஜூன் 11-ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்ட அதன் கிழக்குப் பகுதியில்தான் கோத்திக் கட்டடக்கலை முழு உருவம் பெற்றது.

இதற்குப் பின்னால் ஓர் இறையியல் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி, காணாத பேரொளியிடம் மனத்தை ஏற்றிச் செல்லும் என்பது தியோனீசியு (பிரெஞ்சில் தெனி) என்பவரின் பெயரில் வழங்கிய நூல்களின் போதனை. அவற்றை எழுதியவர் தங்கள் ஆலயத்தில் துயிலும் புனிதர் தெனியே என்று அங்கிருந்த துறவிகள் நம்பினார்கள். அது தவறு, நூல்கள் அவருக்குப் பிந்தியவை. ஆனால் அந்த நம்பிக்கை எழுப்பிய கட்டடம் நிற்கிறது.

மரியாளுக்குரிய சிற்றாலயத்தின் சன்னலைப் பாருங்கள். வானதூதர் மங்கள வார்த்தை சொல்கிறார். மரியாளின் காலடியில் ஒரு சிறிய உருவம் குப்புற விழுந்து கிடக்கிறது. அது சூஜே, பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. கதிரவன் கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவுவதுபோல் இறைமகன் கன்னியிடம் பிறந்தார் என்று இடைக்கால மறையுரைகள் சொல்லும். அந்த உவமைக்குள்ளேயே அவர் விழுந்து வணங்குகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏழைகள் பசித்திருக்க ஆலயச் சுவருக்குப் பொன் எதற்கு என்று அதே காலத்தில் புனித பெர்னார்து என்ற துறவி கேட்டார். நியாயமான கேள்வி, பொற்கலங்களை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. கண்ணாடியின் நிலை வேறு. உயரத்தில் இருக்கும் சிறு சித்திரங்களைக் கீழிருந்து படிப்பது கற்றவருக்கும் கடினம். தரையில் விழும் நீலமும் சிவப்புமோ மன்னர்மேலும் கூலியாள்மேலும் ஒன்றுபோலவே படியும்.

பழைய கண்ணாடியில் பெரும்பகுதி பின்னாளில் அழிந்தது; இன்று காண்பவற்றில் பல 19-ஆம் நூற்றாண்டு வேலை. போக வாய்ப்பவர்கள் காலையில் போங்கள். பீடம் இருப்பது கிழக்குப் பக்கம்.