துண்டும் நியமனக் கடிதமும்

(அட்டன் நகர வணிகர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டக் கம்பெனிகளை எதிர்த்து மேடையேறும் ஒருவனுக்குக் கடைக்காரர் கூட்டத்திலே என்ன அலுவல் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதிலே தவறில்லை. கம்பெனியாரைக் கண்டிக்கும்போது எங்கள் குரல் மலைக்கு மலை எதிரொலிக்கிறது. நகரத்துக் கடைகளில் நடப்பதைப்பற்றி மட்டும் ஒரு சொல்லும் எழுவதில்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மேதினப் பந்தலுக்கு நன்கொடை தருவோர் நீங்கள், பெற்றுக்கொள்வோர் நாங்கள். அந்த மௌனத்தை இன்று கலைக்க வந்திருக்கிறேன்.

இந்த மலைநாட்டிலே ஒரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் என்று எழுதிய அந்தச் சீட்டைக் கொண்டே ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். மனிதன் நடந்து போனான். அவனுடைய கடன் அவனுக்கு முன்னே போயிற்று. 1921-இல் சட்டம் அத்துண்டை ஒழித்தது. பத்தாண்டு கழித்து, 1931-இல், கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அந்தத் துண்டிலே சிக்கியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று உங்கள் புடைவைக் கடைகளிலும் பேக்கரிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறார்கள். உங்களுட் பலரும் அதே லயத்து வாசலிலிருந்து வந்தவர்களே அல்லவா?

அன்று இருந்த காகிதம் மனிதனைக் கட்டியது. இன்று இல்லாத காகிதம் கட்டுகிறது. தீபாவளிக்கு முற்பணம் கொடுத்து, அதைக் கொப்பியில் எழுதி, “கணக்கு முடியாமல் எங்கே போகிறாய்?” என்று கேட்கும் கடைகளை நான் அறிவேன். முற்பணம் கடன், கடனுக்கு வேறு வழக்குண்டு. அதைக் காட்டி ஆளைத் தடுத்து வைக்க எந்தச் சட்டமும் இடந்தரவில்லை.

“ஐயா, எங்களது சிறிய கடை. இரண்டே பேர். சட்டமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு” என்பீர்கள். இந்த ஒரு தப்பெண்ணத்தாலே நொடித்துப்போனவர் பலர். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு ஒருவர் வேலை செய்தாலே போதும். ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, உங்களிடமிருந்து நூற்றுக்கு 12. 1980-ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3, முழுவதும் உங்கள் கையிலிருந்து. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்கு உங்கள் பங்கு 4,500 ரூபாய், நாளொன்றுக்கு 150.

கட்டாமல் விட்டால்? ஊழியரின் 8-ஐ அந்தந்த மாதத்தில் கழிக்காதவர் பிறகு அவரிடம் கேட்க முடியாது. இருபதும் முதலாளியின் தலையிலேயே விழும். 30,000 ரூபாய்க் கணக்கில் மாதம் 6,000, ஐந்தாண்டுக்கு 3,60,000. தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் வேறு. ஓராண்டைத் தாண்டிய நிலுவைக்கு அது பாதித்தொகை வரை ஏறும். எந்தச் சில்லறைக் கடை இதைத் தாங்கும்?

“மூன்று வேளைச் சாப்பாடு போடுகிறோமே” என்பது அடுத்த நியாயம். அன்போடு போடுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் சேமலாப நிதிச் சட்டம், முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியையும் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது. கட்டணத்தைக் குறைப்பதற்காக நீங்கள் காட்டும் சோற்றுத் தட்டு, சட்டத்தின் முன் அதைக் கூட்டுகிறது!

1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு ஓய்வு. அதற்குமேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. தீபாவளிக்கு முந்திய வாரத்திலே இரவு பத்து மணிக்கும் புடைவைக் கட்டுகளை மடித்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஒன்றரை மடங்கைக் கொடுத்தவர் இங்கே கை தூக்கலாம். பேக்கரி, சாப்பாட்டுக் கடை நடத்துவோர் தத்தமக்குரிய சம்பளச் சபையின் விதிகளைப் பார்க்க வேண்டும். பதினாறு வயது நிறையாத பிள்ளையைச் சேர்ப்பது 2021-இன் திருத்தத்துக்குப்பின் குற்றம். தகப்பனே கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாலும் குற்றமே.

இவ்வளவும் தொழிலாளிக்காக மட்டும் சொல்கிறேன் என்று நினையாதீர்கள். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு முதலாளி என்னிடம் வந்தார், பெயர் வேண்டாம். ஒன்பதாண்டு வேலை செய்த ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்தியிருந்தார். ஆறு மாதத்துக்குள் அவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பித்துவிட்டார். முதலாளி கெட்டவரல்லர். அந்த ஊழியரின் தங்கை கலியாணத்துக்குப் பணம் கொடுத்தவர். தகப்பனின் ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்றவர். ஆனால் நியமனக் கடிதம் இல்லை, சம்பளப் பதிவு இல்லை, எச்சரிக்கைக் கடிதம் இல்லை. கொடுத்தது எதையும் அவரால் காட்ட இயலவில்லை. “பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்” என்று அழுதார். பிள்ளை என்பதற்கும் சபையிலே சான்று கேட்கிறார்கள்.

பணிக்கொடைச் சட்டம் 1983-இல் வந்தது. பதினைந்து பேருக்குமேல் வைத்திருப்போர் ஐந்தாண்டு முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் தர வேண்டும். சரியாகப் பதினைந்து பேர் என்றாலும் அதுவே. பதினான்கு பேரோடு நிறுத்திக்கொள்வதிலே சாமர்த்தியம் காண்போர், சிறிய இடத்து ஊழியரும் பணிக்கொடை கேட்டு நியாய சபைக்குப் போகலாம் என்பதை அறியட்டும்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எங்கள் அலுவலகத்திலே தட்டெழுத்து வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சென்ற ஆண்டுதான் நியமனக் கடிதம் கொடுத்தோம். அவரே கேட்டார். மற்றவர்க்குச் சட்டம் வாசித்துக் கொடுத்த எனக்கு அப்போது பேச்செழவில்லை.

ஆகையால் இந்த மாதத்திலே செய்யக்கூடியது எதுவோ அதை மட்டும் கேட்கிறேன். பெயர், வேலை, தொடங்கிய தேதி, சம்பளம், வேலை நேரம், லீவு இவற்றை எழுதி இரு படி எடுத்து, ஊழியருக்குப் புரியும் மொழியிலே கையெழுத்திட்டுக் கொடுங்கள். பழைய நிலுவை இருப்போர், அதிகாரி கதவைத் தட்டுமுன் தொழில் திணைக்களத்துக்குத் தாமே சென்று கணக்கைக் காட்டுங்கள். மாதிரிக் கடிதங்கள் தமிழிலே அச்சிட்டு வாசலில் வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது ஆளுக்கு எத்தனை வேண்டுமோ எடுத்துச் செல்லலாம். விலையில்லை, நன்கொடையும் வேண்டாம்.