வீட்டு அலுவலகத்தின் தரையிற் கிடக்கும் மின்வயர்கள்



2018 ஆம் ஆண்டு செப்டெம்பரில் விற்பனை முகாமையாளர் ஒருவர் படுக்கையறையிலிருந்து, ஒரு தளம் கீழேயிருந்த தமது வீட்டு அலுவலகத்திற்கு இறங்கினார். காலையுணவும் கொள்ளாமல் நேரே வேலையில் அமர்வது அவர் வழக்கம். சுழற்படியில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டின் என்பொன்று முறிந்தது. விபத்துக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது. ஆகன் நகர நீதிமன்றம் அவர் பக்கமும், மேன்முறையீட்டு நீதிமன்றம் எதிர்ப்பக்கமும் நின்றன. 2021 டிசெம்பர் 8 ஆம் திகதி காசல் நகரிலுள்ள கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் அது தொழில் விபத்தே எனத் தீர்த்தது. முறிந்த என்புக்கு நியாயம் கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அதே நீதிமன்றம் 2016 இல், வீட்டில் வேலை செய்த பெண்ணொருவர் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குச் செல்கையில் படியில் விழுந்ததைத் தொழில் விபத்தாக ஏற்கவில்லை. 2021 ஜூன் 18 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்திருத்தம், வீட்டில் பணிபுரிவோருக்கும் பணியிடத்தில் உள்ள அதே அளவு காப்பை வழங்குகின்றது. ஆயினும், அச்சுப்பொறியை நோக்கி நடக்கையில் வயரில் தடக்கி விழுவது வேறு. உலர்ந்த உடுப்புகளை எடுக்கப் போகையில் விழுவது வேறு. பின்னையது தனிப்பட்ட அலுவல், அதற்குக் காப்பில்லை. அதே வயரில் தடக்கி விழுபவர் வீட்டிலுள்ள பாட்டியாராயின், தொழில் விபத்துக் காப்புறுதி அவரை அறியவே அறியாது.

ஆதலால் முதலில் மேசையை நகர்த்துக. சுவரிலுள்ள மின்செருகிக்கு அருகே மேசை அமைந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எஞ்சிய வயர்களைச் சுவரோரமாக வயர்க் குழாயில் இட்டு, மேசையின் அடிப்புறத்தில் கட்டிவைத்தல் நன்று. நடைபாதையைக் கடந்தே தீரவேண்டுமெனின், கடைகளிற் கிடைக்கும் தட்டையான வயர்ப் பாலத்தைப் பயன்படுத்தலாம். கம்பளத்தின் கீழ் வயரை மறைப்பது பலர் செய்யும் பிழை. அங்கே வெப்பம் வெளியேறாது. மிதிபட்டு உறை கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பல்செருகிப் பலகைகளை ஒன்றன் வாலில் ஒன்றாகத் தொடுத்தலும் தீங்கு. 230 வோல்ட், 16 அம்பியர் கொண்ட செருகி ஏறத்தாழ 3680 வாட் மட்டுமே தாங்கும். கணினிக்கு அது தாராளம். குளிர்காலத்தில் 2000 வாட் வெப்பமூட்டியையும் 2000 வாட் தண்ணீர்க் கேத்தலையும் அதே பலகையிற் செருகினால் எல்லை கடந்துவிடும். வயர்ச் சுருளையைச் சுற்றியபடியே பயன்படுத்தினாலும் அது சூடேறும். முழுவதும் விரித்தே பயன்படுத்துக. சுவரிற் புதிய செருகி வேண்டுமெனின் வாடகைவீட்டார் வீட்டு உரிமையாளரிடம் கேட்டபின், தகுதிபெற்ற மின்தொழிலாளரை அழைக்க வேண்டும். உறவினரின் கைத்திறமை இதற்குப் போதாது.

வேலைநேரத்தில் விழுந்து காயமுற்றால் அன்றே தொழில்கொடுப்போருக்கு அறிவித்து, தொழில் விபத்துகளுக்கென அனுமதிபெற்ற ‘டூர்ச்காங்ஸ்ஆர்ட்ஸ்ட்’ எனப்படும் மருத்துவரை நாடுக. எங்கே செல்கையில், எவ்வேலைக்காகச் செல்கையில் விழுந்தது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுக. மொழி தடையாயின் மொழிபெயர்க்க வல்ல ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். மூன்று நாள்களுக்கு மேல் வேலைக்குச் செல்ல இயலாதெனின், அதனை அறிந்த மூன்று நாள்களுக்குள் விபத்தறிக்கை அனுப்புவது தொழில்கொடுப்போரின் கடமை.