மழலைக்கு முதற்பள்ளி நம் வீட்டுப் பேச்சே
(ஆலயக் குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் பல்லாண்டு தமிழாசிரியராகப் பணியாற்றியவன் நான். முதல் வகுப்பில் புதிதாய்ச் சேரும் பிள்ளைகளிடம், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பது என் வழக்கம். "தோசை" என்று ஒரு சொல்லோடு நிறுத்தும் பிள்ளையும் உண்டு. "பாட்டி தோசை சுட்டாங்க சார், தம்பி என் தட்டிலேருந்து பிச்சுக்கிட்டான்" என்று கதையே சொல்லும் பிள்ளையும் உண்டு. அறிவில் இருவரும் சமமே. இரண்டாவது பிள்ளையின் வீட்டில் யாரோ அருகில் அமர்ந்து அதன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஆய்வாளர்களும் இதையே கண்டனர். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருடன் சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. "கைப்பேசியில் தமிழ்ப் பாட்டு ஓடுகிறதே, போதாதா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவே விடை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் இறைவனையே குழந்தையாகப் பாவித்துப் பாடினார்கள். தாலப் பருவத்தில் தாலாட்டினார்கள்; சப்பாணிப் பருவத்தில் கைகொட்டச் சொன்னார்கள்; அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைத்தார்கள். பேச்சு வரும் முன்பே பிள்ளையோடு பேசவேண்டும் என்பது நம் மரபு.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலமே. ஆங்கிலம் வேண்டியதுதான். ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியும், தமிழில் பதில் சொல்லத் தெரியாத பேரனும் ஒரே வீட்டில் மௌனமாக இருப்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது. இரண்டு மொழிகள் கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். இரண்டையும் ஏற்கும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு.

செய்யவேண்டியவை எளியவை. ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியைக் கேளுங்கள். கேட்டபின் பொறுத்திருங்கள், சொல்லைத் தேடப் பிள்ளைக்கு நேரம் வேண்டும். பாதி வாக்கியம் சொன்னால் கண்டிக்காமல், அதையே முழுமையாகச் சொல்லித் தொடருங்கள். ஆங்கிலத்தில் பதில் வந்தால் முகம் சுளிக்காமல் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரமும், தேக்கா சந்தையில் காய் வாங்கும் நேரமும் இதற்குப் போதும்.

ஆலயத்திலும் இதற்கு இடமுண்டு. அன்னதானத்திற்குக் காய் நறுக்கும் மூத்தோர் அருகில் உங்கள் பிள்ளைகளை உட்கார வையுங்கள். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே அவர்கள் பேசட்டும். பெரியோர்களே, "உன் பெயர் என்ன?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "உன் நண்பன் எப்படி இருப்பான்? இன்று என்ன விளையாடினீர்கள்?" என்று தொடருங்கள்.

பொருளுதவி தந்து ஆலயத்தைத் தாங்கிவரும் அன்பர்களை, வாரம் ஒரு மணி நேரப் பேச்சையும் தானமாகத் தருமாறு வேண்டுகிறேன். நம் மழலைகள் வாய் நிறையத் தமிழ் பேசி வளர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.