கோப்பி கற்பித்த பாடம்



மார்கழி மாதத்து விடியற்காலையில் தம்பலகாமத்து வயல்வெளியைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து பாய, கண்ணுக்கெட்டிய தூரம் நெற்பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். அதன்மேல் மெல்லிய பனி படர்ந்திருக்கும். கவிஞனுக்கு அக்காட்சி விருந்து. ஆனால் அதே பனித்துளியில் வேறொன்றும் விருந்துண்ணுகின்றது. பூஞ்சணம் என்றும் பங்கசு என்றும் நாம் சொல்லும் நுண்ணுயிரே அது.

நான் விவசாய விஞ்ஞானி அல்லன், கலைப் பட்டதாரி. பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பவன். தந்தையார் வைத்துச் சென்ற இரண்டு ஏக்கர் வயலே எனக்கு இந்நோயைக் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெரும்போகத்தில், பயிரின் இலைகளிலே புள்ளிகளைக் கண்டேன். இருமுனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமுமாக, கண்ணைப் போன்ற வடிவில் அவை இருந்தன. பயிருக்குப் பசி போலும் என்று எண்ணி யூரியாவை மேலும் அள்ளி வீசினேன். பக்கத்து வயற்காரரான முதியவர் ஒருவர் வரம்பில் நின்று, "மாஸ்டர், இது பசியில்லை, எரிபந்தம். பசளை போட்டால் இன்னும் எரியும்" என்றார். படித்தவன் என்ற எண்ணம் என் செவியை அடைத்துவிட்டது. தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகிப் பூஞ்சணம் உட்புக வழி எளிதாகும் என்பதைப் பின்னரே அறிந்தேன். கதிர் வந்தபோது அதன் கழுத்து கறுத்தது. விளைந்த கதிர் தலை சாயும்; என் வயலிலோ கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன. அத்தனையும் பதர்.

என்னோடு பங்குக்கு வயல் செய்தவர், மகளின் காதணியை அடைவு வைத்து உழவுக்கூலி கொடுத்திருந்தார். எனக்கு மாதச் சம்பளம் உண்டு. அவருக்கோ அந்த வயலைத் தவிர வேறில்லை. பிழை செய்தவன் நான்; விலை கொடுத்தவர் அவர்.

இதே கதை இந்நாட்டிலே மிகப் பெரிய அளவில் முன்னரே நடந்திருக்கின்றது. 1869ஆம் ஆண்டு, மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்கிலி என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து, 'எமிலியா வஸ்தாத்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பாழ்படுத்துவது என்பது அப்பெயரின் பிற்பகுதியின் பொருள். தோட்டத் துரைமாரோ, 'நாசகாரி எமிலி' என்று அதனை வேடிக்கையாக அழைத்தனர்.

வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. இலை உதிர்ந்தது, விளைச்சல் குறைந்தது. ஆனால் அக்காலத்தில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறியிருந்தபடியால், குறைவு கண்ணுக்குத் தெரியவில்லை. மேலும் காடழித்துக் கோப்பியையே நட்டார்கள். பசளையை மிகுதியாக இட்டால் மரம் நோயை வென்றுவிடும் என்று பலர் நம்பினார்கள். 1878 அளவில் ஏறக்குறைய 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. மலைக்கு மலை ஒரே பயிர். நோய்க்கு இடையிலே தடையே இல்லை.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்து இரண்டாண்டுகள் ஆராய்ந்தார். பூஞ்சணத்தின் வித்திகள் காற்றிலே பரவுகின்றன, இலையில் படிந்த ஈரத்தில் முளைக்கின்றன, உட்சென்று இலையை உண்கின்றன என்று விளக்கினார். நோயை அறிந்தார், மருந்து கொடுக்க அவரால் இயலவில்லை. காலம் கடந்திருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. தேயிலைக்கு மாறிய துரைமார் தப்பினர். தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து அத்தோட்டங்களை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரிற் பலரோ வேலையையும் நிலுவைக் கூலியையும் இழந்தனர். இங்கும் பிழை ஒருவருடையது. விலை கொடுத்தவர் வேறொருவர்.

அன்பர்களே, அந்தப் பாடத்தை நாடு முற்றாக மறந்துவிடவில்லை. 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது ஆராய்ச்சி விரைந்தது, செப்பு மருந்துகள் தெளிக்கப்பட்டன, தேயிலை பிழைத்தது.

நம் வயலிலும் தோட்டத்திலும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரே இன நெல்லை வெளி முழுவதும் போகந்தோறும் விதைத்தல் ஆகாது. எரிபந்தத்தைத் தாங்கும் இனங்களை விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்கின்றது. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு வைக்காதீர்கள். யூரியாவை அளவறிந்து, தவணை தவணையாக இடுங்கள். வரம்பிலுள்ள புல்லை அகற்றுங்கள். சில புற்களிலும் இந்நோய் தங்கியிருக்கும். மருந்து வேண்டுமாயின், எது, எவ்வளவு, எப்பொழுது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே தெளியுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, மிளகாய் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சரிவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் பெரும்பாலும் பூஞ்சணத்தின் வேலையே. வித்திடுமுன் மேடையின்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் மண்ணிலுள்ள கிருமி குறையும். நெருக்கமாக விதைப்பதும், மாலையில் மேடை ஊற நீர் ஊற்றுவதும் நோயை அழைப்பதாகும்.

இவை எல்லாவற்றுக்கும் முதற்படி, இலையைத் திருப்பிப் பார்ப்பது. என் பங்காளரும் நானும் இப்பொழுது வாரத்துக்கு ஒருமுறை வரம்பிலே சேர்ந்து நடக்கின்றோம். சந்தேகமான இலையைக் கண்டால், முதலில் அந்த முதியவரிடம் காட்டுகின்றோம். அடுத்துப் போதனாசிரியரிடம் கொண்டு செல்கின்றோம். யூரியாப் பையை மட்டும் அவசரப்பட்டு அவிழ்ப்பதில்லை. காதணியை மீட்க எங்களுக்கு இரண்டு போகங்கள் சென்றன.

நாளைக் காலையில் உங்கள் வயலுக்கோ தோட்டத்துக்கோ செல்லும்போது, ஓர் இலையையேனும் திருப்பிப் பாருங்கள்.