தோட்டமும் ஒரு கிராமமே! அதன் வரலாறும் பாரம்பரியமே!

(ஜெஞ்சாரோமில் நடந்த மக்கள் சந்திப்பில் வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாரம்பரியம் என்றால் கோட்டை, அரண்மனை என்றே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பெரட்டுக்களமும் லயத்து வீடும் ஆயாக்கொட்டகையும் யார் கண்ணுக்கும் பாரம்பரியமாகத் தெரிவதில்லை. ஜெர்மனியில் சின்னஞ்சிறு கிராமங்கள்கூடத் தங்கள் ஊர் வரலாற்றைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்கின்றன. நம் தோட்டங்களுக்கு வரலாறு இல்லையா?

உண்டு! 1941ல் இதே கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் மாண்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த ஜெஞ்சாரோமையே பாருங்கள். 1948ல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களை வேலிக்குள் குடியேற்றி உருவாக்கிய புதுக்கிராமம் இது. தோட்ட மக்களையும் அதே காலத்தில் தோட்டத்துக்குள் வேலி போட்டு ஒன்று சேர்த்தார்கள். பட்ட துன்பம் ஒன்றுதான். ஆனால் புதுக்கிராமம் ஊராக வளர்ந்தது. தோட்டமோ கம்பெனி நிலமாகவே இருந்துவிட்டது. சீனச் சகோதரர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. நம் கேள்வி அரசாங்கத்தை நோக்கியது: நம் கிராமத்தை மட்டும் ஏன் கிராமம் என்று ஏற்கவில்லை?

அதன் விளைவைப் பினாங்கில் பார்த்தோம். 2008ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. மறு ஆண்டே, அதே தீவில், மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமமான கம்போங் புவா பாலா இடித்துத் தள்ளப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். நிலப்பட்டா அவர்கள் பெயரில் இல்லை.

சட்டத்தை நேராகவே சொல்கிறேன். நூறு ஆண்டு குடியிருந்தாலும் அதனாலேயே நிலம் நமக்குச் சொந்தமாகாது. தேசிய நிலச் சட்டத்தின் 48வது பிரிவு அரசு நிலத்துக்கும் 341வது பிரிவு தனியார் நிலத்துக்கும் இதைத்தான் சொல்கின்றன. கோயிலைச் சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்கிறோமே என்பார்கள். சங்கப் பதிவு வேறு, நிலப்பட்டா வேறு! பதிவுக் கடிதத்தைக் காட்டி மண்வாரி இயந்திரத்தை நிறுத்த முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, இடம் மாறுவதற்கு முன்பே பேசுங்கள். தோட்டத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றுக்கு நிலம் ஒதுக்கக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, கோலா லங்காட் நகராண்மைக் கழகம் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்க 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம். ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கக் கோரி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம். கிடைக்கும் என்று நான் உறுதி தரவில்லை. கேட்காமல் இருந்தால் நிச்சயம் கிடைக்காது.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். அது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் போட்ட பிறப்புப் பத்திரம், தாத்தாவின் சம்பளச் சீட்டு, தீமிதித் திருவிழா அழைப்பிதழ், பள்ளிப் படம். எதையும் வீசாதீர்கள். நகலெடுத்து வையுங்கள். பால்மரக் காலத்தை அறிந்த பாட்டிமார் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

1957ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530கூட இல்லை. தோட்டம் மறைந்தால் பள்ளியும் கோயிலும் கூடவே மறைகின்றன. உங்கள் தோட்டத்தின் பெயரை உங்கள் பேரப்பிள்ளை அறிய வேண்டுமா? இந்த வாரமே அந்தத் தகரப் பெட்டியைத் திறங்கள்.