கூவியர் எங்கே?



பிட்டு விற்ற வந்தியின் கதை வழங்கும் வைகைக் கரை இது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகின்றது. அப்ப வணிகராகிய கூவியரையும் காட்டுகின்றது. அச்சொல் இன்று எந்தக் கடைப்பலகையில் உள்ளது? ‘பேக்கரி’ என்றன்றோ எழுதி வைத்துள்ளோம்!

நம் தெருமுனைப் பலசரக்குக் கடையை நோக்குங்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டியும் மணப்பாறை முறுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. பண்டமும் தமிழ், பெயரும் தமிழ். ஆனால், 2019-இல் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், 2020-இல் கோவிற்பட்டிக் கடலைமிட்டாயும் அக்குறியீடு பெற்றபோது, ‘கோவா’, ‘மிட்டாய்’ என்னும் வடபுலச் சொற்களே பதிவேறின. கரிசற் கடலை நமது, வெல்லப்பாகு நமது, பெயர் மட்டும் இரவல்! திரட்டுப்பால், கடலைப்பாகு எனச் சொல்ல நமக்கு நா எழவில்லையா?

“சுவை இருக்கப் பெயரால் என்ன?” என்பாருக்கு ஒன்று சொல்வேன். கூவியர் என்னும் பெயர் வழக்கொழிந்தது; அத்தொழிலாளர்க்குரிய மதிப்பும் மங்கிற்று. இன்று பளபளக்கும் உறை பேசுகின்றது. அடுப்படியில் வெந்தவர் பெயர் எவர்க்கும் தெரியவில்லை.

கடை நடத்தும் உடன்பிறப்புகளே! பண்டத்தின் தமிழ்ப்பெயரையும், அது விளைந்த ஊரையும், அதைச் செய்தவர் பெயரையும் பலகையில் எழுதுங்கள். தாய்மார்களே! அப்பெயர் சொல்லியே கேட்டு வாங்குங்கள். கேட்கும் வாய் இருந்தால், எழுதும் கையும் எழும்.

உண்ணும் நாவே உரைக்கும் நா. அதில் தமிழ் தங்குக!